தேனீப் பெட்டியும் குறிப்பேடும்

நமது சங்கத்தின் நெசவாளர் அங்கத்தினர் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு பாஸ் புத்தகம் உண்டு. சங்கம் எந்த நாளில் எவ்வளவு நூல் கொடுத்தது, அங்கத்தினர் எந்த நாளில் எத்தனை உருப்படி நெய்து தந்தார், கூலி எவ்வளவு வரவாயிற்று என்பனவெல்லாம் அதில் வரிவரியாக நிற்கும். குடியாத்தத்துக் கைலி நெசவாளர் எவரிடமேனும் சென்று, சென்ற மாசி மாதத்தில் வந்த பாவு எத்தனை என்று கேட்டால், மாடத்தில் உள்ள புத்தகத்தை எடுத்துப் பார்த்து உடனே சொல்லிவிடுவார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழிலில் இருந்தோரும் இதனை நன்கு அறிவர். ஒரு தொகுதித் தோல் எந்நாள் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கியது, எந்நாள் கரையேறியது என்பதனை எழுதாமல் விடுவதில்லை. சுண்ணாம்பில் கிடக்கும் நாள் மிகுந்தால் தோலின் கட்டு தளர்ந்துவிடும்; பின்னர் எவ்வளவு பாடுபட்டாலும் அது மீளாது.

ஆனால் அதே வீட்டின் கொல்லையில் இருக்கும் தேனீப் பெட்டியைக் காட்டி, கடைசியாக அதனைத் திறந்து பார்த்தது என்றைக்கு, அப்போது புழு உள்ள சட்டம் எத்தனை என்று கேட்டால், "போன வாரமோ அதற்கு முந்தின வாரமோ, ஈ நன்றாகத்தான் இருந்தது" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. நூலுக்கும் தோலுக்கும் உள்ள மதிப்பு ஈக்கு இல்லாமற் போனது ஏன் என்று தெரியவில்லை. பெட்டி மானியத்தில் வந்ததனால் இருக்கலாம். தம் கைப்பணம் போட்டு வாங்கிய கறவை மாடாயின், அது ஒரு வேளை தீனி தின்னவில்லை என்றாலும் வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருக்கும்.

"நலம்" என்னும் சொல்

பிறரைக் குறை கூறுமுன் எமது பிழையைச் சொல்லிவிடுவதே முறை. சில ஆண்டுகளுக்கு முன் பாலாற்றங்கரைத் தென்னந்தோப்பு ஒன்றில் ஆறு பெட்டிகள் வைத்திருந்தோம். குறிப்பேடும் இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் எழுதும் நோட்டுப் புத்தகம் ஒன்றில், பெட்டிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, பார்த்த நாளையெல்லாம் தவறாது எழுதி வந்தோம். அதனால் சிறிது பெருமையும் கொண்டிருந்தோம். ஐந்தாம் பெட்டியின் பக்கத்தில் முதல் வரி "நலம்" என்றிருந்தது. ஒன்பது நாள் கழித்து, "நலம்". அதன்பின் பன்னிரண்டு நாள் கழித்து, "நலம், சற்றே மெலிவு". நான்காவது வரி, "பெட்டி காலி".

அன்று மாலை அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தோம். நலமாக இருந்த குடும்பம் மூன்று வாரத்தில் எவ்வாறு ஓடிப்போகும்? இரண்டாம் பெட்டி அதற்கு ஒரு மாதம் முன்னரே நோயுற்று அழிந்திருந்தது. அதன் பக்கத்தைப் புரட்டியபோது, "மிகுதியாக இருந்த புழுச் சட்டம் ஒன்றை எடுத்து வேறு பெட்டிக்குக் கொடுத்தோம்" என்று ஒரு வரி கண்ணிற் பட்டது. எந்தப் பெட்டிக்கு என்று எழுதவில்லை. எம்முள் ஒருவர் நான்காம் பெட்டிக்கு என்றார். மற்றொருவர் ஐந்தாம் பெட்டிக்கே என்று உறுதியாகச் சொன்னார். நோயை எம் கையாலேயே சுமந்து சென்று வைத்தோமா, அல்லது அது தானாகப் பரவியதா என்னும் கேள்விக்கு இன்றளவும் விடை இல்லை. நான்காம் பெட்டியை நம்பலாமா, கூடாதா என்பதும் அன்று தெரியவில்லை.

ஆக, எழுதினால் மட்டும் போதாது. "நலம்", "பரவாயில்லை", "மெலிவு" என்பன எழுதியவரின் மனநிலையைக் காட்டுமேயன்றிப் பெட்டியின் நிலையைக் காட்டா. "தேனீ மூடிய சட்டம் 6, புழு உள்ள சட்டம் 4" என்று எழுதி, அடுத்த முறை "5, 3" என்றும், அதற்கடுத்த முறை "4, 1" என்றும் எழுதியிருந்தோமாயின், அக்குடும்பம் இறங்குமுகமாக இருந்தது சிறு பிள்ளைக்கும் விளங்கியிருக்கும். இரண்டாவது வரியிலேயே விளங்கியிருக்கும்.

திறந்து பார்க்க முடிந்தது எப்படி

பெட்டியைத் திறந்து, அடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மீண்டும் அவ்வாறே வைத்து மூடலாம் என்பது பழைய காலத்தில் இல்லாத வசதி. மரப்பொந்திலும் பானையிலும் குடியிருந்த ஈயை, தேனுக்காகக் கலைத்தபோது மட்டுமே மனிதர் உள்ளே பார்த்தனர். ஜினீவா நகரத்து ஹூபர் என்பார் கண்பார்வை இழந்தவர். அவர் தம் பணியாளர் பூர்னான் என்பவரைப் புத்தகத்தின் ஏடுகள்போலத் திறக்கும் கூடு ஒன்றைப் பார்க்கச் செய்து, கண்டவற்றையெல்லாம் கேட்டறிந்து பதிவு செய்து, 1792-இல் நூலாக வெளியிட்டார். இராணித் தேனீ கூட்டுக்கு வெளியே பறந்து சென்று ஆண் தேனீயோடு கூடுகிறது என்பது அவ்வாறு நிலைநாட்டப்பட்ட உண்மைகளில் ஒன்று. கண் உள்ளவர்கள் பலர் காணாததை அவர் கண்டார் என்பது வியப்பன்று; பார்த்தவர் சொல்லைக் கேட்டு எழுதி வைத்து, மறுநாள் ஒப்பிட்டுப் பார்த்தமையே காரணம். 1851-இல் அமெரிக்க நாட்டு லாங்ஸ்ட்ராத் பாதிரியார், சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே ஈ நடமாடும் அளவு மட்டும் இடைவெளி விட்டால் ஈ அதனை மெழுகால் அடைப்பதில்லை என்பதைக் கண்டு, எடுத்து வைக்கும் சட்டங்களை உடைய பெட்டியை அமைத்தார்.

நம் நாட்டு அடுக்குத் தேனீ உருவில் சிறியது. அதற்கு ஐரோப்பியப் பெட்டி பெரிது. திருச்சிராப்பள்ளியில் இருந்த நியூட்டன் பாதிரியார் நமது ஈக்கு ஏற்ற சிறு பெட்டியை அமைத்து, 1911 முதல் 1917 வரை கிராம மக்கள் பலருக்குப் பயிற்சி தந்தார். ஏழு சட்டம் கொண்ட அப்பெட்டியே இன்றும் நம்மிடையே பெரிதும் வழங்குவது. பின்னர் மார்த்தாண்டத்தில் ஒய். எம். சி. ஏ. சங்கத்தாரின் கிராமப் புனருத்தாரண நிலையம் இத்தொழிலைப் பரப்பியது. இத்தனை பேர் உழைத்துத் திறக்கும்படி செய்து கொடுத்த பெட்டியை நாம் திறந்து பார்த்துவிட்டு, பார்த்ததை மறந்துவிடுகிறோம்.

பார்க்க வேண்டியவை

பலர் பெட்டியைத் திறந்தவுடன் இராணியைத் தேடத் தொடங்குவர். கால் மணி நேரம் தேடியும் கிடைக்காமல், அடைகள் வெயிலில் காய்ந்து, ஈ சினந்து, பார்க்க வேண்டிய வேறெதனையும் பாராது மூடிவிடுவர். இராணியைக் காண வேண்டுவதில்லை. அவள் இட்ட முட்டையைக் கண்டால் போதும். முட்டை மூன்று நாளில் பொரிந்து புழுவாகிவிடும். ஆதலின், கண்ணறையின் அடியில் வெண்ணிற ஊசிநுனி போன்ற முட்டை ஒவ்வொன்றாக இருக்கக் கண்டால், இராணி சென்ற மூன்று நாட்களுக்குள் அங்கே இருந்தாள் என்பது உறுதி. "முட்டை உண்டு" என்னும் இரண்டு சொற்கள் இராணியைக் கண்டதற்கு ஈடாகும். முட்டை இல்லை, இளம்புழுவும் இல்லை, மூடிய கண்ணறைகள் மட்டுமே உள்ளன என்றால் இராணி போய் ஒரு வாரமேனும் ஆயிற்று. ஒரே கண்ணறையில் இரண்டு மூன்று முட்டைகள் தாறுமாறாகச் சுவரில் ஒட்டியிருந்தால், இராணியில்லாக் கூட்டில் பணித் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம். அவற்றிலிருந்து ஆண் ஈக்களே வரும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பது என்பதற்கும் ஈயின் பிறப்புக் கணக்கே விடை தருகிறது. புது இராணிக்காகக் கட்டப்படும் அறை, அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலைபோலத் தொங்கும். அதில் முட்டை இட்ட நாளிலிருந்து ஏறக்குறைய எட்டாம் நாளில் அதன் வாய் மூடப்படும். பதினைந்து பதினாறாம் நாளில் புது இராணி வெளிவருவாள். வாய் மூடப்படும் சமயத்தில்தான் பழைய இராணி கூட்டத்தின் ஒரு பகுதியோடு புறப்பட்டுப் போவது வழக்கம். ஆகவே கூட்டம் பிரியும் பருவத்தில் ஏழு நாளுக்கு ஒருமுறை பார்ப்பவர் எந்த இராணி அறையையும் மூடுமுன்னரே கண்டுவிடுவார். பத்து நாளுக்கு ஒருமுறை பார்ப்பவர், சில வேளைகளில், பாதிக் குடும்பம் பறந்துபோன பின் காலி அறையைக் காண்பார். மற்றக் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நமது அடுக்குத் தேனீ அடிக்கடி தொல்லை செய்தால் பெட்டியை விட்டே போய்விடும் இயல்புடையது. அக்கினி நட்சத்திர நாட்களில் வேலூர்ப் பக்கத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டும்; காலை எட்டு மணிக்குப் பின் பெட்டியைத் திறப்பது கொடுமை. புழு வளரும் அடையின் வெப்பத்தை 33 முதல் 35 டிகிரிக்குள் காத்துக்கொள்ள ஈக்கள் தண்ணீர் சுமந்து வந்து சிறகால் விசிறிக்கொண்டிருக்கின்றன. நாம் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த உழைப்பைக் கெடுத்தல் ஆகாது.

குறிப்பு எவ்வளவு சுருக்கமாக இருக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி கீழே தருகிறோம்.

"4-ஆம் குடும்பம். பிப்ரவரி 14, காலை 7-45. தேனீ மூடிய சட்டம் 6. புழு உள்ள சட்டம் 4. முட்டை உண்டு. மூடிய அடை சீராக உள்ளது. தேன் மேலோரம் மூன்று விரல். இராணி அறை 2, முட்டை நிலை, நீக்கினோம். அடிப்பலகையில் மெழுகுப்பூச்சிப் புழு 3, துடைத்தோம். மா பூத்துள்ளது. அடுத்து பார்ப்பது 21."

இதனை எழுத இரண்டு நிமிடம் ஆகாது. இதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எண்ணியோ கண்டோ எழுதியது. கருத்து என்பது ஒன்றும் இல்லை. கடைசி வரியை மட்டும் விட்டுவிட வேண்டாம். அடுத்த நாளைக் குறிக்காதவர் அடுத்த முறை பார்ப்பதும் இல்லை என்பது எமது அனுபவம்.

மாதிரியில் "4-ஆம் பெட்டி" என்று எழுதாமல் "4-ஆம் குடும்பம்" என்று எழுதியதைக் கவனிக்கவும். மரப்பெட்டி பழுதானால் மாற்றுவோம். அடிப்பலகையைக் கழுவ ஈயை வேறு பெட்டிக்குப் பெயர்ப்போம். எண் மரத்தைச் சேர்ந்ததாயின் ஓராண்டுக்குப் பின் எந்தப் பக்கம் எந்த ஈயுடையது என்று தெரியாது போகும். எண் இராணியைச் சேர்ந்தது. சிறு தகட்டில் எண்ணை எழுதி, குடும்பம் பெயரும்போது தகட்டையும் உடன் பெயர்த்தல் வேண்டும். கூட்டம் பிரிந்தால் பழைய இராணி முதற் கூட்டத்தோடு செல்வதனால் 4 என்னும் எண்ணும் அதனோடு செல்லும்; தாய்ப்பெட்டியில் பிறக்கும் புது இராணிக்கு 4-அ என்று பெயர். சட்டம் ஒன்றை ஒரு குடும்பத்திலிருந்து மற்றொன்றுக்குக் கொடுத்தால், கொடுத்த பக்கத்திலும் வாங்கிய பக்கத்திலும் இரண்டிடத்தும் எழுதுதல் வேண்டும். பற்றும் வரவும் இரண்டிடத்தில் ஏறாத கணக்கை நமது சங்கத் தணிக்கையாளர் ஒப்புக்கொள்வாரா? எமது ஐந்தாம் பெட்டிக்கு நேர்ந்தது பிறருக்கு நேர வேண்டாம்.

1991-ஆம் ஆண்டு தந்த பாடம்

இத்தகைய எண்ணும் பற்று வரவும் வீண்வேலை என்று நினைப்போர் தென்னாட்டுத் தேனீத் தொழிலின் பெருங்கேட்டை அறிதல் நலம். தாய்லாந்து நாட்டில் 1976-இல் அடுக்குத் தேனீயின் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் ஒன்று காணப்பட்டது. 1978-இல் அது நம் நாட்டின் வடகிழக்குப் பகுதியில் தோன்றியது. 1991-92-இல் தென்னிந்தியாவை அடைந்து, கன்னியாகுமரி மாவட்டம், கேரளம், கருநாடகம் எங்கும் பரவியது. பல வட்டாரங்களில் 100 பெட்டிக்கு 90 வரை காலியாயின. ரப்பர்த் தோட்டங்களில் தளிர்க்கும் இலைக்காம்பின் தேனை நம்பிப் பெட்டி வைத்திருந்த குடும்பங்கள் ஒரே ஆண்டில் அத்தொழிலை விட்டு வெளியேற நேர்ந்தது. சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினர். எஞ்சி நின்ற குடும்பங்களைப் பிரித்தும், காட்டுப் பொந்துகளிலிருந்து புதுக் கூட்டங்களைக் கொணர்ந்தும் மற்றவர் பல ஆண்டுகள் பாடுபட்டு அடுக்குத் தேனீயை மீட்டனர். நோய் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டே இருக்கிறது.

இந்நோய்க்கு மருந்து இல்லை. ஆன்ட்டிபயாட்டிக் மருந்துகள் பாக்டீரியாவை எதிர்ப்பன; வைரசை அவை தீண்டா. அறியாமல் பாகில் கலந்து வைப்போர் நோயையும் தீர்ப்பதில்லை, தேனையும் கெடுத்துவிடுகின்றனர். மருந்தின் எச்சம் உள்ள தேனைச் சோதனைச்சாலை காட்டிக் கொடுத்துவிடும். அப்போது ஒருவர் செய்த தவற்றுக்குச் சங்கத்தின் தேன் முழுவதும் பழி ஏற்கும்.

மருந்தில்லாத நோய்க்கு மருந்து, தாங்கி நின்ற குடும்பத்தைக் கண்டுபிடித்து அதிலிருந்து பெருக்குவதே. அதனைக் கண்டுபிடிப்பது எவ்வாறு? இன்று உயிரோடு இருக்கும் பெட்டியெல்லாம் நோயைத் தாங்கியது என்று சொல்ல முடியாது. சில பெட்டிகளை நோய் தொடாமலே விட்டிருக்கலாம். பக்கத்துப் பெட்டிகள் நோயுற்று மடிந்தபோது அருகில் இருந்து, சில புழுக்கள் சாகக் கண்டும், அவற்றை அப்புறப்படுத்தித் தேறிய குடும்பம் எதுவோ அதுவே விதைக்கு உரியது. அக்குடும்பத்தை நினைவால் அடையாளம் காண முடியாது. இரண்டு மூன்று ஆண்டுப் பக்கங்களைப் புரட்டித்தான் காண முடியும். நல்ல விதைநெல்லைத் தேர்ந்து வைக்கும் உழவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நோயின் அடையாளத்தைக் கண்டவாறே எழுதுவதற்குச் சில சொற்களை ஒரே பொருளில் வழங்குதல் நன்று. இந்தப் பைப்புழு நோயில் புழு முழு வளர்ச்சி பெற்று, கூட்டுப்புழு ஆகுமுன் மல்லாந்து நீட்டிக் கிடந்தபடி சாகும். சிமிட்டாவால் மெல்லப் பற்றி எடுத்தால், நீர் நிறைந்த சிறு பைபோலத் தொங்கும். தலைப்பக்கம் சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். காய்ந்தபின் ஓடம்போன்ற பொருக்காகி எளிதில் பெயர்ந்து வரும். துர்நாற்றம் பெரும்பாலும் இராது. இதற்கு மாறாக, மூடுவதற்கு முன்பே இளம்புழு சுருண்டும் முறுக்கியும் மஞ்சள் நிறமாகிப் புளித்த நாற்றத்தோடு செத்திருப்பின், அது பாக்டீரியாவால் வரும் வேறு நோய். இரண்டையும் "புழு நோய்" என்று ஒரே சொல்லால் எழுதிவிட்டால் பின்னர் எவராலும் பிரித்தறிய முடியாது. பெயர் தெரியாவிடினும் கவலை இல்லை. "மல்லாந்த நிலை, பை, நாற்றம் இல்லை, 20 கண்ணறை" என்று எழுதினால் அறிந்தோர் படித்தவுடன் கண்டுகொள்வர். நோயுற்ற குடும்பத்தைப் பார்ப்பதாயின் அதனைக் கடைசியில் பார்த்தல் வேண்டும். அன்று பார்த்த வரிசையையும் குறித்தல் வேண்டும். கையும் கத்தியும் கழுவாமல் அடுத்த பெட்டிக்குச் சென்ற நாளை மறைக்காமல் எழுதுவது அவமானம் அன்று.

மலர், நீர், தெளிப்பு

கன்னியாகுமரிக்கு எழுதிய மலர்க்காலப் பட்டியல் நமக்கு உதவாது. அங்கே ரப்பர், இங்கே பாலாற்றங்கரையில் தென்னை, குடியாத்தம் பேரணாம்பட்டுப் பக்கம் மா, சாலையோரம் புளியும் புங்கும் வேம்பும், மானாவாரி நிலத்தில் எள், ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் காட்டு மரங்கள். எந்த மரம் எந்த வாரத்தில் பூத்தது, அப்போது தேன் ஏறியதா, மகரந்தம் மட்டும் வந்ததா என்பதனைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வருவோர் மூன்றாண்டில் தம் ஊருக்கே உரிய பட்டியலைப் பெறுவர். இவ்விடத்தில் ஒன்று சொல்ல விரும்புகிறோம். நமது வட்டாரம் எங்கும் பொன்போலப் பூக்கும் ஆவாரையைக் கண்டு, அங்கே பெட்டி வைத்தால் தேன் கொட்டும் என்று நம்பியவர்கள் உண்டு. ஒரு காலத்தில் தோல் பதனிடும் தொழிலுக்கு உயிராக இருந்தது ஆவாரம் பட்டை. ஆனால் ஆவாரம் பூவில் தேன் இல்லை. அதன் மகரந்தமும் நுனித் துளை வழியே உதிர்வது. பெரிய கருவண்டுத் தேனீக்கள் பூவைப் பற்றி அதிர வைத்து அதனைப் பெறுகின்றன. நமது ஈக்கு அந்த வித்தை தெரியாது. உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்குவதோடு சரி. இது போன்ற ஏமாற்றம் ஒருமுறை எழுதப்பட்டால் மறுமுறை நேராது.

நீரைப் பற்றி நமது வட்டாரத்தில் தனியே எழுத வேண்டியிருக்கிறது. பாலாற்றுப் படுகையில் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீரால் நேர்ந்த கேடு நாடறிந்தது. 28-8-1996 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தந்த தீர்ப்பில், வேலூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு எடுத்துக்காட்டப்பட்டது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு உதவாது போயிற்று என்பது அக்கணக்கு. எவரோ சிலர் வயல்தோறும் சென்று அளந்து எழுதியிராவிட்டால் அந்த எண் நீதிமன்றத்தில் ஏறியிராது.

ஈ உப்புக் கரிக்கும் நீரை வெறுப்பதில்லை. சில வேளைகளில் விரும்பியே செல்லும். ஒருமுறை ஓரிடத்தில் நீர் எடுக்கப் பழகிவிட்டால் அவ்விடத்தை விடுவதும் அரிது. ஆகையால் பெட்டி வைத்த அன்றே, ஈ வேறு இடம் தேடுமுன், அகன்ற மண்சட்டியில் நல்ல நீர் ஊற்றி, கால் ஊன்றக் கூழாங்கல்லோ தென்னை நாரோ இட்டு வைத்தல் வேண்டும். ஈ எங்கே நீர் எடுக்கிறது என்பதை மாதம் ஒருமுறை காலையில் நின்று பார்த்து எழுதுக. சட்டியிலா, வாய்க்காலிலா, கழிவுநீர்க் குட்டையிலா? ஈக்கள் மெலிந்த காரணத்தைத் தேடும் நாளில் அந்த ஒரு வரி துணை செய்யக்கூடும்.

பூச்சி மருந்துத் தெளிப்பு இதனினும் உடனடியான கேடு. மா பூத்திருக்கும்போது காலையில் தெளித்தால், மாலையில் பெட்டி வாயிலில் நாக்கு நீட்டியபடி ஈக்கள் குவியலாகச் செத்துக் கிடக்கும். அதனை நோய் என்று எண்ணி வருந்தியவர்களை நாம் அறிவோம். செத்த ஈயின் நிலை, நாள், நேரம், அன்று எந்தத் தோப்பில் தெளிப்பு நடந்தது என்னும் நான்கையும் எழுதினால் ஐயம் தீரும்.

சங்கம் செய்யக்கூடியது

அடுக்குத் தேனீ ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் இரை தேடுகிறது. அந்த வட்டத்துக்குள் நமது அங்கத்தினர் பத்துப் பேருடைய பெட்டிகள் இருக்கலாம். வலுவிழந்த கூட்டில் மற்றப் பெட்டி ஈக்கள் புகுந்து தேனைக் கொள்ளையிடும்போது நோயும் உடன் செல்லும். ஆகவே என் பெட்டி, உன் பெட்டி என்பது வேலிக்குத்தான் தெரியுமேயன்றி நோய்க்குத் தெரியாது. பத்துப் பேரின் குறிப்பேடுகளை மாதக் கூட்டத்தில் ஒரே மேசையில் விரித்து வைத்தால், முதலில் எந்தத் தோப்பில் புழு செத்தது, பின்னர் எத்திசையில் சென்றது என்பது அரைமணியில் புலப்படும். அதுவரை அந்தத் திசையில் எவரும் சட்டமோ கூட்டமோ வாங்கவும் விற்கவும் கூடாது என்று கூட்டத்திலேயே முடிவு செய்யலாம். தனியொருவரால் இது இயலாது.

தெளிப்பு நாளுக்கும் இதே வழி. மா, கத்தரி, தென்னை பயிரிடும் அங்கத்தினர் தெளிக்கும் நாளை இரண்டு நாள் முன்னதாகச் சங்கக் கரும்பலகையில் எழுதினால், பெட்டி வைத்திருப்போர் அன்று வாயிலை மூடவோ பெட்டியைப் பெயர்க்கவோ வசதி உண்டாகும். பூ உதிர்ந்தபின், மாலை வேளையில் தெளித்தல் அதனினும் மேல். பயிரிடுவோர் இதனைத் தேனீ வளர்ப்போருக்குச் செய்யும் உபகாரமாகக் கருத வேண்டா. மா காய்ப்பதற்கும் எள் மணி பிடிப்பதற்கும் பூச்சிகளின் உதவி வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரியமும் குறிப்பேட்டால் ஆக வேண்டியது. மழைக்காலத்திலும் பூவற்ற மாதங்களிலும் சர்க்கரைப் பாகு வைக்கிறோம். எந்த நாள், எவ்வளவு, தேன் அறை மேலே இருந்ததா இல்லையா என்பது எழுதப்பட வேண்டும். பாகு வைத்த குடும்பத்தின் தேன் அறையிலிருந்து எடுத்தது சங்கத்தின் பீப்பாயில் சேருமானால், அது தேன் என்று விற்கப்படும் சர்க்கரையே. கொள்முதல் செய்யும்போது அங்கத்தினரின் குறிப்பேட்டைப் பார்ப்பது என்று சங்கம் விதித்தால் சிலர் வருந்துவர் என்பதை அறிவோம். பொய்யாக எழுத முடியாதா என்று கேட்பர். முடியும். ஆனால் நாள்தோறும் எழுதப்பட்ட பக்கத்துக்கும், கொள்முதலுக்கு முதல் நாள் இரவில் ஒரே மையால் எழுதப்பட்ட பக்கத்துக்கும் உள்ள வேறுபாடு, பாஸ் புத்தகம் பார்த்துப் பழகிய நமது குமாஸ்தாக்களுக்குத் தெரியாததன்று.

குறிப்பேட்டுக்கு அச்சிட்ட படிவம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கெட்டி அட்டை போட்ட சிறு நோட்டு ஒன்று போதும். மை நீர்பட்டால் கலையும், பென்சிலே சிறந்தது. பார்த்து முடித்து வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று எண்ணியவர்கள், நான்கு பெட்டிகளின் எண்களை வழியிலேயே கலந்துவிடுகின்றனர். ஒரு பெட்டியை மூடியவுடன், அடுத்ததைத் திறக்குமுன், அங்கேயே நின்று எழுதுக. தேனும் மெழுகும் பட்டு நோட்டின் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். அதற்கு அஞ்சி நோட்டை வீட்டில் வைத்துவிட்டு வருவோர் சிலர் உண்டு. அவர்கள் பெட்டி மூடியின் உட்புறத்தில் ஒரு தகரத் துண்டை அறைந்து, அதில் நாளையும் மூன்று எண்களையும் மட்டும் குறித்து வைத்து, மாலையில் வந்து நோட்டில் ஏற்றலாம். பென்சிலை நூலில் கட்டிப் பெட்டிக் காலில் தொங்கவிடுவது நல்லது. புகைக்குழலும் கத்தியும் கையில் இருக்கும்போது சட்டைப்பையில் தேடினால் பென்சில் கிடைப்பதில்லை.